டிவி புரபசருக்கும் எனக்கும் ஒரே வியாதி

அந்தத் தொடரில் வரும் புரபசருக்கு மூளையைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. வெளிநாட்டுத் தொடர், தமிழில் டப் செய்தது. பகலில் கல்லூரியில் மூளையைப் பற்றிப் பாடம் நடத்துவார். மிச்ச நேரத்தில், போலீஸ் கைவிட்ட கொலைகளைத் துப்புத் துலக்கித் தருவார். அவருக்கு மனச்சிதைவு நோய். இல்லாத ஆட்கள் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். போகிற போக்கில் கொலைகாரனைப் பிடிக்க ஒரு குறிப்பும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவைகூட அந்தக் குறிப்பு தப்பாகப் போனதில்லை.

எனக்கும் அதே வியாதிதான். பதினொரு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். கொலை இருக்கட்டும், வீட்டில் தொலைகிற சாவியைக்கூட என் மனைவிதான் கண்டுபிடித்துத் தருவாள்.

திருவிடந்தையைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் ஒரு ரிசார்ட்டில், துணி அறையில் எனக்கு வேலை. படூரில் குடியிருக்கிறேன், கேளம்பாக்கம் வந்து பஸ் மாறிப் போவேன். வெளுத்து வரும் பெட்ஷீட், டவல், தலையணை உறை எல்லாவற்றையும் தரம் பிரித்து அடுக்க வேண்டும். கிழிந்ததை ஒதுக்க வேண்டும். என்னோடு அந்த அறையில் ஒருத்தி வேலை பார்த்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி, இஸ்திரி போடுகிறவள். அவள் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். மத்தியானம் சாப்பிடும்போது செல்போனைத் தலையணை உறைக் குவியலில் சாய்த்து வைத்து அந்தத் தொடரைப் போடுவாள். அப்படித்தான் நானும் பார்த்தேன்.

"பைத்தியம்னா இப்டி இருக்கணும்," என்பாள். "இந்த மாதிரி ஒருத்தன் கெடச்சா ரெண்டாந்தாரமா கூட போலாம்."

அவளுக்கு அப்போது என்னைப் பற்றித் தெரியாது. நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

எனக்குள்ளே எரிச்சல்தான். அந்த ஆளுக்குத் தனி வீடு, புத்தகம் நிறைந்த அலமாரி, சம்பளத்துக்கு ஓர் உதவியாள். அவரைப் பார்க்க வருகிற இல்லாத மனிதர்களும் படித்தவர்கள், நல்ல உடை போட்டவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். எனக்கு ஆட்கள் யாரும் தெரிந்ததே இல்லை. எனக்குக் குரல் மட்டும்தான். நான் செய்வதை எல்லாம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். செருப்பு மாட்டறான் பாரு, தண்ணி குடிக்கிறான் பாரு, இவனுக்கெல்லாம் தண்ணி ஒரு கேடா என்று. அச்சரப்பாக்கம் பக்கத்தில் என் அப்பா கூலிக்குப் போன நிலத்துக்காரர் அவரை எந்தத் தொனியில் கூப்பிடுவாரோ, அந்தத் தொனியில். அப்பா செத்தாயிற்று, அந்த நிலமும் பிளாட் போட்டாயிற்று. குரல் மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது. கொலைகாரன் யாரென்று அது ஒரு நாளும் சொன்னதில்லை.

புரபசர் அடிக்கடி மாத்திரையைத் தூக்கி எறிவார். சாப்பிட்டால் மூளை மழுங்குகிறதாம். எறிந்த மறு காட்சியிலேயே மூளை பளிச்சென்று வேலை செய்யும், கொலைகாரன் மாட்டிக்கொள்வான். இஸ்திரிக்காரி, "பின்ன, அறிவாளிக்கு இன்னாத்துக்கு மாத்திர," என்பாள். நானும் ஒரு தடவை மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். அறிவு ஒன்றும் பெருகவில்லை. அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் துணியில்லாமல் நின்றேன். என் அக்கா வீட்டுக்காரர் தன் வேட்டியை அவிழ்த்து எனக்குச் சுற்றி, தான் டிராயரோடு என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் காட்சியை எந்தத் தொடரிலும் காட்ட மாட்டார்கள்.

அதில் ஒன்றே ஒன்று உண்மை. எதிரில் ஆள் தெரிந்தால் புரபசர் தன் உதவியாளைத் திரும்பிப் பார்ப்பார். அவன் இல்லை என்று தலையாட்டுவான். புரபசர் அதை ஏற்றுக்கொள்வார். எங்கள் வீட்டிலும் அதே முறைதான். செங்கல்பட்டில் நான் பார்க்கும் டாக்டர், ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தார். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வாதாடாதீர்கள் என்று. நான் வாதாடியதே இல்லை. "யாராச்சும் கூப்ட்டாங்களா?" என்று கேட்பேன். மனைவி, "இல்ல மாமா" என்றால் இல்லை. "தண்ணி கேன் காரரு" என்றால் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பெரியவர்கள் பழமொழி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதைத் தினமும் கடைப்பிடித்துக் குடும்பம் நடத்தினேன். பதினொரு வருஷம் வேலையில் நிலைத்ததும் அதனால்தான்.

பிறகு நானே போய் வாயைக் கொடுத்தேன். ஒரு நாள் புரபசர் மேடையேறி, நிறைந்த கூட்டத்தில், எனக்கு இந்த நோய் இருக்கிறது என்று சொல்கிறார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இவள் இவ்வளவு அழுகிறாளே, இதில் கொஞ்சம் நமக்கும் கிடைக்கட்டுமே என்கிற ஆசைதான்.

"எனக்கும் அதே வியாதிதாம்மா," என்றேன்.

"த்தூ. சும்மா சொல்லாத."

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், படித்தாள். பிறகு மெதுவாக இஸ்திரி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இப்போ இங்க யாராச்சும் கீறாங்களா?"

"எனக்கு ஆளெல்லாம் தெரியாதும்மா. காதுல கேக்கும், அவ்ளோதான்."

"போ, நீ வேற," என்றாள். ஏமாந்துபோன மாதிரி இருந்தது அவள் முகம்.

மறுநாள் காலையில் உள்ளே நுழைகிறேன், "இன்னா புரபசரு, லேட்டு?" என்றாள். கேலிதான், ஆனால் அன்பான கேலி. அன்றிலிருந்து என் டிபன் பாக்ஸில் தினமும் ஒரு துண்டு வறுத்த மீன் விழுந்தது. ஒரு வாரத்தில் சமையல்கட்டு, தோட்டம், கேட்டு எல்லா இடத்திலும் நான் புரபசர் ஆகிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் சந்தோஷமாகத்தான் வைத்துக்கொள்வான் போலிருக்கிறது.

சீசன் வருவதற்கு முன்னால் புது பெட்ஷீட்டும் டவலும் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. உறை பிரிக்காமல் பின் கேட்டுக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் அடுக்கினோம். அதற்கு இரண்டு சாவி. ஒன்று துணி அறையில், நானோ இஸ்திரிக்காரியோ வைத்திருப்போம். இன்னொன்று எங்கள் சூப்பர்வைசரிடம். அடுத்த வாரத்தில் ஒரு நாள் சூப்பர்வைசர் மதுராந்தகத்தில் கல்யாணம் என்று சொல்லி லீவில் இருந்தார். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன்.

பின் கேட்டில் ஒரு வேன் நின்றது. பின் கதவு திறந்திருந்தது. மதுராந்தகத்தில் இருக்க வேண்டிய சூப்பர்வைசர், கையில் ஒரு பெட்ஷீட் கட்டோடு வேனுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பேசவில்லை, அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடரில் புரபசரைப் பார்க்க வரும் இல்லாத ஆட்களும் அப்படித்தான் நிற்பார்கள். குரலோடு நின்றுவிடவில்லை, நமக்கும் ஆள் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தத் தொடரைப் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படி நினைத்திருக்கவே மாட்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷப் பழக்கம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாத்த, அந்த வேன் பக்கத்துல ஆளு யாராச்சும் நிக்கிறாங்களா?"

வாட்ச்மேன் வேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேனு கீது," என்றார். "ஆளு யாரும் இல்லியே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதும் நானே போட்டுக்கொண்ட விதி.

"மாத்திர போட்டியா புரபசரு?" என்று கேட்டார் வாட்ச்மேன். "வெய்யில்ல நிக்காத. உள்ள போ."

உள்ளே போனேன். யார் தெரிந்தார் என்று அவரிடம் சொல்லவில்லை. இஸ்திரிக்காரியிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"காதுலதான மாமா கேக்கும் உனுக்கு? கண்ணுல எப்பத்துலேந்து?"

மறுநாளே செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு முன்னால் இப்படித் தெரிந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டீர்களா என்றார். கேட்டேன் டாக்டர், யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று பாராட்டினார். மாத்திரையை மாற்றி, அளவையும் கூட்டி, பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். மனைவி ரிசார்ட்டுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று லீவு சொன்னாள். பத்து நாளும் தூங்கினேன். எச்சில் ஒழுகித் தலையணை நனையும். எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்காது. அந்த ஆள் மறுபடி தெரிந்தாரா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்றேன். மாத்திரை வேலை செய்கிறது என்றார்.

பதினோராம் நாள் வேலைக்குப் போனால் இஸ்திரி மேசையில் வேறு ஒரு பெண் நின்றாள்.

"அந்த அக்காவ நிறுத்திட்டாங்க," என்றாள். "கட்டு கட்டா துணி காணமாம். சாவி அவுங்க கிட்டதான இருந்துச்சு."

நான் லீவில் இருந்ததால் துணி அறைச் சாவி முழுக்க அவளிடம் இருந்திருக்கிறது. ஸ்டோரைச் சரிபார்த்தபோது புதுக் கட்டுகள் குறைந்தன. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில், எல்லார் முன்னாலும், கேட்டில் வைத்து அவள் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். டிபன் பாக்ஸைச் சுற்றி ரிசார்ட் டவல் ஒன்று இருந்ததாம். அது ஓரம் கிழிந்த பழைய டவல். கழிவில் போட வேண்டியது என்று ஒதுக்கி, நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். திருடி என்று சொல்ல அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்போதும் எனக்கு அந்த வேனையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அது என் வியாதி, இது களவு. இரண்டும் வேறு வேறு கணக்கு என்றே இருந்தேன். சூப்பர்வைசர்தான் சேர்த்து வைத்தார். மத்தியானம் வந்து என் தோளில் கை வைத்தார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதில்லை.

"இன்னா புரபசரு, தேவலயா? அன்னிக்கி வேனாண்ட என்னை பாத்த மாதிரி இருந்துச்சாமே உனுக்கு? நான் மதுராந்தகத்துல பந்தில குந்திகினு இருந்தேன்பா." சிரித்தார். "உடம்ப பாத்துக்கோ."

நானும் சிரித்துத் தலையாட்டினேன். அவர் போனார். தலையணை உறைகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தேன். நாலைந்து உறை மடித்த பிறகுதான் கை நின்றது. வாட்ச்மேனிடம் நான் கேட்டது, ஆள் யாராவது நிற்கிறார்களா என்றுதான். பெயர் சொல்லவில்லை. சூப்பர்வைசர் என்றும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். தான் அங்கே நிற்கவில்லை என்றால், நான் பார்த்தது தன்னை என்று இவருக்கு எப்படித் தெரியும்?

தொடராக இருந்தால் இந்த இடத்தில் இசை உயரும், புரபசர் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார். நான் கையிலிருந்த உறையைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். நான் பார்த்தது நிஜம் என்கிற சந்தோஷமும் அந்த அழுகையில் இருந்தது, அதற்காக வெட்கப்படுகிறேன்.

மேனேஜரிடம் போனேன். அவர் ஊர்க்காரர் இல்லை, மரியாதையாகப் பேசுகிறவர். என்னை உட்கார வைத்தார். முழுக்கக் கேட்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நெஜமா இல்லியான்னு தெரியல சார்."

"இப்ப தெரியுதா?"

"தெரியுது சார்."

"நீங்க லீவு எடுத்தது காய்ச்சலுக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். இல்லாத ஆளைப் பார்த்ததாக நினைத்து டாக்டரிடம் போனேன், மாத்திரை கூட்டிக் கொடுத்தார் என்றேன். மேனேஜர் பேனாவை மூடினார். பின் கேட்டுக் கேமரா உப்புக் காற்றில் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது என்றார். வாட்ச்மேன் யாரையும் பார்க்கவில்லை என்கிறார், நீங்களும் டாக்டரிடம் போய் யாரும் இல்லை என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள் என்றார். எழுந்து கதவு வரைக்கும் கூட வந்தார்.

"அந்த சீரியல் என் பொண்ணும் பாக்கறா," என்றார். "நீங்க இவ்ளோ தைரியமா வேலைக்கு வர்றதே பெரிய விஷயம்."

அடுத்த லீவு நாளில் குப்பத்துக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரிசார்ட் போலீசுக்குப் போகவில்லை. பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. ஆனால் செய்தி அவளுக்கு முன்னால் குப்பத்துக்கு வந்துவிட்டது. மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீடு அடுத்த குப்பம். அவர்கள், ஊர்க் கூட்டத்தில் இதைத் தீர்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பழி சுமந்தவர் சாட்சி இருந்தால் கூட்டிக்கொண்டு வரலாம்; இல்லையென்றால் கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேனைச் சொன்னேன், வாட்ச்மேனைக் கேட்டதைச் சொன்னேன், சூப்பர்வைசர் வாயால் வந்ததைச் சொன்னேன். கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பாத்துட்டு, வாட்ச்மேன போயி கேட்டியா?"

"ஆமாம்மா."

"ஏன், நான் உள்ளதான இருந்தேன். என்னை வந்து கேக்க மாட்டியா?"

அன்று அவள் பத்தடி தூரத்தில் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்து பார்த்திருப்பாள். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவரைக் கேட்பதுதான் என் பழக்கம், அவர் யாரென்று பார்ப்பது என் பழக்கத்தில் இல்லை.

"ஞாயித்துக்கெழம நான் வரேன்," என்றேன். "கூட்டத்துல சொல்றேன். என் வேல போனாலும் பரவால்ல."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நீ சொல்றத நான் நம்பறேன் அண்ணே. ஒரு வார்த்த வுடாம நம்பறேன். ஆனா நீ வராத. நீ யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், நாந்தான் ஊர் முழுக்க சொல்லிகினு இருந்தேன். இப்போ திருடின்றாங்க. நீ வந்து பேசினா, சாட்சிக்கு பைத்தியத்த கூட்டினு வந்தாள்னு அதையும் சேத்து சொல்லுவாங்க. என் பொண்ணு பாவம்."

நான் எழுந்தேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ரிசார்ட்டில் இப்போதும் வேலைக்குப் போகிறேன். சூப்பர்வைசரும் இருக்கிறார், வாட்ச்மேனும் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், கண்ணால் பார்த்த சாட்சி நான் படூரில் சட்டை மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே அவள் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். பாதிப் பேர் நம்பினார்களாம்.